தீபாவளிக்குப் பிடித்த சளி பொங்கலுக்கும் விடவில்லை

கேள்வி: பள்ளி ஆசிரியை நான், வயது 38. தீபாவளி சமயத்தில் பிடித்த சளி, பொங்கல் வந்துவிட்டது, இன்னும் விடவில்லை. கன்னமும் புருவத்துக்கு மேலேயும் பாரமாக இருக்கிறது, வாசனையே தெரிவதில்லை, ராத்திரியில் தொண்டைக்குள் சளி இறங்கி இருமல். முதலில் மருந்துக்கடையில் கேட்டு மூன்று நாள் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டேன். அப்புறம் தெருமுனை டாக்டர் ஒன்று கொடுத்தார், பிறகு வேறொரு டாக்டர் இன்னொன்று. சாப்பிடும்வரை கொஞ்சம் தேவலை, நிறுத்தினால் பழையபடிதான். தூங்குவதற்காகத் தினமும் மூக்கில் சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறேன். இன்னும் வீரியமான மாத்திரை கேட்கலாமா? ஈஎன்டி டாக்டரிடம் போனால் ஆபரேஷன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.
- வாசகி, ஈரோடு

பதில்: ஈஎன்டி டாக்டரிடம் போங்கள், இந்த வாரமே போங்கள். ஆனால் வீரியமான மாத்திரை கேட்பதற்காகப் போக வேண்டாம், ஏன் வடியவில்லை என்று கேட்கப் போங்கள்.

கன்னத்திலும் நெற்றியிலும் கண்களுக்கு நடுவிலும் அதற்குப் பின்னாலும் இருக்கும் காற்றறைகள்தான் சைனஸ். அதன் உள்தோலில் எப்போதும் கொஞ்சம் சளி ஊறிக்கொண்டேதான் இருக்கும், நுண்ணிய முடிகள் அதைத் தள்ளிக்கொண்டுபோய் சில மில்லிமீட்டர் அகலமே உள்ள வாசல் வழியாக மூக்குக்குள் இறக்கிவிடும். அந்த வாசலைச் சுற்றி வீங்கிவிட்டால் சளி உள்ளேயே தேங்கும், தேங்கிய இடத்தில் கிருமி சேரும். ஆன்டிபயாட்டிக் கிருமியைக் கொல்லும், வீக்கத்தை என்ன செய்யும்? சாக்கடை அடைத்துக்கொண்ட வீட்டில் அடைப்பை எடுக்காமல் பிளீச்சிங் பவுடரை மட்டும் கொட்டிக்கொண்டிருந்தால் எப்படியோ, அப்படித்தான் உங்கள் மூன்று கோர்ஸும் போயிருக்கிறது.

முதல் மாத்திரையே அநேகமாகத் தேவைப்பட்டிருக்காது. சளிக்குக் காரணம் பெரும்பாலும் வைரஸ், அதற்கும் ஆன்டிபயாட்டிக்கிற்கும் சம்பந்தமில்லை. பாக்டீரியாவோ என்று சந்தேகப்பட மூன்று அடையாளங்கள் உண்டு: 10 நாளாகியும் துளிகூடக் குறையவில்லை, குறைந்து வந்தது திடீரென்று மறுபடி ஏறுகிறது, இல்லையென்றால் ஆரம்பத்திலேயே 102 டிகிரி காய்ச்சல், முகவலி, சீழ் போன்ற சளி மூன்று நான்கு நாள் விடாமல் இருக்கிறது. சளி மஞ்சளாக, பச்சையாக வந்தாலே 'இன்ஃபெக்‌ஷன்' என்று முடிவுகட்டுகிறோமே, அது சரியில்லை. சாதாரண வைரஸ் சளியும் நாலைந்து நாளில் நிறம் மாறும். மருந்துக்கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, "சளிக்கு ஒரு ஆன்டிபயாட்டிக் கொடுங்க" என்று கேட்பதே நாம்தானே.

12 வாரத்தைத் தாண்டினால் டாக்டர்கள் அதை நாள்பட்ட சைனஸ் என்று வேறு கணக்கில் வைப்பார்கள். தீபாவளியிலிருந்து எண்ணிப் பாருங்கள், நீங்கள் அந்தக் கோட்டில்தான் நிற்கிறீர்கள். இங்கே முக்கிய எதிரி கிருமியைவிட வீக்கம். தூசி ஒவ்வாமை, மூக்குக்குள் திராட்சை போலத் தொங்கும் சதை வளர்ச்சி, மூக்குத்தண்டு வளைவு, மேல்பல் வேர், பூஞ்சை என்று காரணங்கள் பல. வாசனை தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள், சதை வளர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க அது ஒரு நல்ல துப்பு. சாக்பீஸ் தூசியும் கொஞ்சம் கிளறிவிட்டுக்கொண்டிருக்கலாம்.

சொட்டு மருந்து விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு உண்மையிலேயே கவலை அதில்தான். பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின் என்று இருந்தால் மூன்று நாள், மிஞ்சிப்போனால் ஐந்து நாள்தான் விடலாம். அதற்கு மேல் போனால் மருந்தின் வேகம் இறங்கும்போதெல்லாம் மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கும், நீங்கள் மறுபடி விடுவீர்கள், மறுபடி அடைக்கும். மூக்கடைப்புக்கு விட்ட மருந்தே மூக்கடைப்பாகிவிடும். திடீரென்று நிறுத்தினால் சில ராத்திரி கஷ்டம்தான், ஒரு மூக்கில் முதலில் நிறுத்தி அப்புறம் அடுத்ததில் நிறுத்துகிறவர்கள் உண்டு. டாக்டர் தரும் ஸ்டீராய்டு ஸ்பிரேயோடு சேர்த்து நிறுத்தினால் இன்னும் சுலபம்.

போகும்போது சாப்பிட்ட மாத்திரை அட்டைகளை அப்படியே எடுத்துப் போங்கள், "வெள்ளையா நீளமா ஒரு மாத்திரை" என்று சொன்னால் யாருக்கும் புரியாது. எந்தப் பக்கம் அதிகம், சமீபத்தில் பல் வைத்தியம் ஏதாவது நடந்ததா, வீசிங் உண்டா, வலி மாத்திரை போட்டால் மூச்சு இழுக்கிறதா, இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிவையுங்கள். கடைசிக் கேள்வி சம்பந்தமில்லாததுபோலத் தோன்றும். ஆஸ்பிரின் வகை மாத்திரை ஒத்துக்கொள்ளாத ஆஸ்துமாக்காரர்களில் பலருக்கு மூக்கில் சதையும் வளரும், அதனால்தான்.

அவர் மூக்கை மரத்துப்போகச் செய்து மெல்லிய எண்டோஸ்கோப் விட்டுப் பார்ப்பார். கூச்சமாக இருக்கும், கண்ணில் தண்ணீர் வரும், சில நிமிஷத்தில் முடிந்துவிடும். எக்ஸ்ரே இதற்குப் பெரிய உதவியில்லை. சிடி ஸ்கேன் உதவும், ஆனால் சில வாரம் ஒழுங்காக வைத்தியம் செய்தபிறகு எடுத்தால்தான் அது சொல்வதற்கு அர்த்தம் இருக்கும், சளி பிடித்திருக்கும்போது யாரை எடுத்தாலும் சைனஸில் ஏதாவது தெரியத்தான் செய்யும்.

அநேகமாக உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவச் சொல்லி, தினசரி ஸ்டீராய்டு ஸ்பிரே எழுதித் தருவார். 'ஸ்டீராய்டு' என்ற பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், மாத்திரையாகச் சாப்பிடுவதோடு ஒப்பிட்டால் ரத்தத்தில் சேர்வது மிகக் கொஞ்சம். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை, முனை அந்தப் பக்கத்துக் காதைப் பார்த்து இருக்க வேண்டும், நடுத்தண்டில் அடித்தால் ரத்தம் வரும். அடித்தவுடன் பலமாக உறிஞ்சாதீர்கள், மருந்து தொண்டைக்குப் போய்விடும். பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். மூன்றாம் நாளே "ஒண்ணும் கேக்கலை" என்று ஓரங்கட்டிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

ஆபரேஷன்? இத்தனையும் செய்து கேட்கவில்லை, ஸ்கேனிலும் அடைப்பு தெரிகிறது என்றால்தான் அந்தப் பேச்சு. மூக்குக்குள்ளேயே செய்வார்கள், முகத்தில் வெட்டு இருக்காது, அதற்குப் பிறகும் ஸ்பிரேயும் கழுவலும் தொடரும். முதல் நாளே "தண்டு வளைஞ்சிருக்கு, அட்மிட் ஆயிடுங்க" என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரையும் கேளுங்கள். தண்டு லேசாக வளைந்தும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருப்பவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள்.

கேள்வி: அப்பாவுக்கு வயது 64, பத்து வருஷமாக சர்க்கரை. இடது மூக்கில் மட்டும் சளி, நாற்றம் வேறு. சைனஸ்தானே, ஆவி பிடித்தால் போதுமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: போதாது. ஒரு பக்கம் மட்டும் என்றாலே டாக்டர் பார்த்துத்தான் ஆக வேண்டும். மேல் கடைவாய்ப் பற்களின் வேர் கன்னத்து சைனஸை ஒட்டியே இருக்கிறது, அங்கே சீழ் வைத்தால் ஒரு பக்கம் நாற்றமடிக்கும் சளி வரும், பல்லைச் சரிசெய்யாதவரை எந்த மாத்திரையும் கேட்காது. பல் டாக்டரையும் பாருங்கள். பூஞ்சைக் கட்டியாகவும் இருக்கலாம், அபூர்வமாகப் புற்றாகவும் இருக்கலாம், அதனால் தள்ளிப்போட வேண்டாம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது கறுப்புப் பூஞ்சை யாரை அதிகம் தாக்கியது என்று நினைவிருக்கும், சர்க்கரை எகிறியவர்களையும் ஸ்டீராய்டு மருந்து எடுத்தவர்களையும்தான். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்கல் அல்லது இரட்டையாகத் தெரிதல், கன்னம் மரத்துப்போதல், மூக்கிலோ அண்ணத்திலோ கறுப்பு, கழுத்து விறைப்பு, குழப்பமான பேச்சு, இதில் எது வந்தாலும் அப்பாயிண்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கேள்வி: மாதம் நாலு தடவை 'சைனஸ் தலைவலி' வருகிறது. மூக்கில் அடைப்பே இல்லை. வெளிச்சம் பிடிக்காது, குமட்டும்.
- வாசகி, மதுரை

பதில்: இது சைனஸ் மாதிரி இல்லை, மைக்ரேன் மாதிரி இருக்கிறது. சைனஸ் தலைவலி என்று தாங்களே பெயர் வைத்துக்கொண்டு வருகிறவர்களில் நிறையப் பேருக்கு மைக்ரேன்தான். பொது மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ பாருங்கள்.

கேள்வி: மூக்கைக் கழுவக் குழாய்த் தண்ணீர் போதுமா? நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கலாமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: ஆவி பிடியுங்கள், இதமாக இருக்கும், வியாதியைத் தீர்க்கும் என்று நம்ப வேண்டாம். கொதிக்கிற பாத்திரத்தின் பக்கத்தில் குழந்தைகளை மட்டும் விடாதீர்கள்.

கழுவுவதற்குக் குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் இரண்டும் வேண்டவே வேண்டாம். உங்களுக்குப் பக்கத்திலேயே கேரளாவில் 2024-லும் 2025-லும் மூளையைத் தாக்கும் அமீபா பற்றிச் செய்தி வந்ததே, அந்த வகை அமீபா வயிற்றுக்குப் போனால் ஒன்றும் செய்யாது, மூக்கு வழியாகப் போனால்தான் ஆபத்து. தண்ணீர் தளதளவென்று கொதித்தபிறகு ஒரு நிமிஷமாவது விட்டு, மூடிவைத்து ஆறவைத்து வெதுவெதுப்பாக எடுங்கள். 250 மில்லிக்கு அரை டீஸ்பூன் அயோடின் கலக்காத உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. குனிந்து, வாயால் மூச்சு விட்டபடி ஒரு மூக்கில் விட்டால் மறு மூக்கில் வடியும். பாட்டிலையும் ஒவ்வொரு தடவையும் அதே கொதித்த தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். ஸ்பிரே அடிப்பவராக இருந்தால் கழுவிக் கால் மணி நேரம் கழித்து அடியுங்கள், முன்னால் அடித்தால் மருந்து தண்ணீரோடு போய்விடும்.