எண்ணெய்ச் சண்டையில் மகன் அனுப்பிய காசைப் போடலாமா?

கேள்வி: மகன் பிரான்ஸிலிருந்து அனுப்பின 6 இலட்சம் ரூபா கையில இருக்குது. உலகத்தில சண்டை எல்லாம் எண்ணெய்க்கும் பெரிய கம்பனிகளுக்கும்தான், மசகு எண்ணெயில போட்டால் இரட்டிப்பாகும் எண்டு பெறாமகன் ஒரு செயலியைக் காட்டுறார். 2 இலட்சத்துக்கு நகையும் அடைவில கிடக்குது. போடலாமோ?
- ஒரு தாய், விசுவமடு

பதில்: போடாதீர்கள் அம்மா.

பெறாமகன் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. 1951இல் ஈரான் தன் எண்ணெயை அரசுடைமையாக்கியது. 1953இல் அமெரிக்க, பிரித்தானிய உளவுத்துறைகள் அந்நாட்டுப் பிரதமர் மொசாடெக்கின் ஆட்சியைக் கவிழ்க்க வைத்தன. 2003 ஈராக் போரில் ஹாலிபேர்ட்டன் என்ற அமெரிக்க எண்ணெய்ச் சேவைக் கம்பனியின் துணைக் கம்பனிக்குப் பில்லியன் கணக்கான டொலருக்கு ஒப்பந்தங்கள் போயின. அதற்காக எல்லா யுத்தத்தையும் எண்ணெயில் கட்டிவிட முடியாது. வன்னியில் எந்த எண்ணெய்க் கிணறு இருந்தது?

சரி, காரணம் எண்ணெய்தான் என்றே வைப்போம். அதில் உங்களுக்கு இலாபம் எப்படி வரும்? 1991 ஜனவரி 17இல் ஈராக் மீது குண்டு விழத் தொடங்கிய அன்றே எண்ணெய் விலை மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. சண்டை வரப்போகிறது என்ற பயத்திலேயே விலை ஏறி முடிந்திருந்தது. உலகச் சந்தை விலைக்கு அளவுகோலாக வைக்கப்படும் பிரென்ட் எண்ணெய், 2022 மார்ச்சில் பரல் 130 டொலரைத் தாண்டி, வருடம் முடிய 90க்குக் கீழே வந்துவிட்டது.

யுத்தத்தில் வடக்குக்குப் பொருட்கள் வரவிடாத பொருளாதாரத் தடைக்காலம் உங்களுக்கு நினைவிருக்கும். பெற்றோலைச் சொட்டாக விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய காலம். விலை ஏறும் என்று எல்லோருக்கும் தெரியும். உழைத்தது பரலைக் கையில் வைத்திருந்தவர் மட்டும்தான். இந்தச் செயலியில் உங்களுக்கு ஒரு போத்தல் எண்ணெய்கூடச் சொந்தமில்லை. பெரும்பாலும் கடன் காசில் கட்டும் பந்தயம். விலை கொஞ்சம் எதிர்ப்பக்கம் போனாலே போட்ட முதல் போய்விடும்.

முதலில் நகையை மீட்டெடுங்கள். அடைவு வட்டி மாதாமாதம் நிச்சயமாக ஏறும், எண்ணெய் விலை அப்படியில்லை. தோட்டத்துக்கு மண்ணெண்ணெய் மெஷினில் தண்ணீர் இறைக்கிறீர்களா? 2022 ஓகஸ்ட்டில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ஆனதே! கிணற்றடிக்கு மின்சாரம் இருந்தால் மோட்டருக்கு மாறுங்கள். மிச்சத்தை மூன்று மாத நிலையான வைப்பில் போடுங்கள்.

பெறாமகன் ஏற்கெனவே காசு கட்டியிருந்தால், செயலி மோசடியானதாக இருந்தால் அதை நடத்துபவர்கள் “வரி கட்டினால்தான் திருப்பித் தருவோம்” என்று அவரிடம் மேலும் காசு கேட்கக்கூடும். ஒரு சதமும் கட்ட வேண்டாம் என்று அவருக்குச் சொல்லுங்கள்.