ஆர்டரின் உருப்படி தனி என்டிட்டியா, ஆர்டரின் பகுதியா?

கேள்வி: மொத்த வியாபாரிகளுக்கான ஆர்டர் மென்பொருளை ஜாவாவில், ஆப்ஜெக்ட்டுகளை டேட்டாபேஸ் டேபிள்களோடு இணைக்கும் ஹைபர்நேட் கொண்டு எழுதி வருகிறோம். உருப்படிகள், வாடிக்கையாளர், டெலிவரி முகவரி ஆகியவற்றைத் தனித்தனி என்டிட்டிகளாக (சொந்த ஐடியோடு சேமிக்கப்படும் பதிவுகளாக) வைப்பதா, ஆர்டருக்குள்ளேயே அடக்குவதா?

பதில்: டேபிள்களின் எண்ணிக்கையைப் பார்த்து இதை முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு தரவையும் எடுத்துக்கொண்டு, ஆர்டர் இல்லாமல் போனாலும் அதற்கு வேலை இருக்குமா என்று கேளுங்கள். வாடிக்கையாளர் ஆர்டருக்கு முன்பும் இருந்தார், பின்பும் இருப்பார்; ஆகவே அவர் தனி என்டிட்டிதான்.

முகவரியில்தான் பலர் சறுக்குகிறார்கள். வாடிக்கையாளரின் முகவரிப் பதிவையே ஆர்டரும் சுட்டிக்கொண்டிருந்தால், அவர் கடையை இடம் மாற்றியதும், பழைய சரக்கெல்லாம் புதுக் கடைக்கே போனதாக மென்பொருள் காட்டும். எனவே, ஆர்டர் போட்ட நேரத்து முகவரியை எம்பெடபிளாக, அதாவது சொந்த ஐடி இல்லாமல் ஆர்டருக்குள்ளேயே அடங்கும் மதிப்பாக, ஆர்டர் டேபிளிலேயே நகலெடுத்து வையுங்கள். விலைக்கும் ஜிஎஸ்டி விகிதத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். 2025 செப்டம்பர் 22 முதல் பல பொருட்களுக்கு விகிதம் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. நடப்பு விகிதத்தைப் பொருள் மாஸ்டரில் (பொருட்களின் மூலப் பட்டியலில்) மட்டும் வைத்திருந்த மென்பொருள், அந்த ஆகஸ்ட் மாதத்து பில்லை இன்று மறுபடி அச்சிட்டால் தவறான தொகையையே தரும்.

உருப்படிகளுக்கு வருவோம். ஆர்டரை விட்டால் அவற்றுக்கு வாழ்வில்லை என்பதால், சொந்த ஐடி இல்லாத மதிப்புகளின் தொகுப்பான எலிமென்ட் கலெக்‌ஷனாக வைத்துவிடத் தோன்றும். ஆனால் வரிசை எண்ணுக்கான நெடுவரிசை (ஆர்டர் காலம்) இல்லாத லிஸ்டாக அப்படி வைத்தால், 40 உருப்படிகள் உள்ள ஆர்டரில் ஒன்றின் அளவை 10 பெட்டியிலிருந்து 12 ஆக மாற்றும்போது, ஹைபர்நேட் அந்த ஆர்டரின் எல்லா உருப்படிகளையும் அழித்துவிட்டு 40 இன்சர்ட்டுகளை மீண்டும் அனுப்பும். எஸ்கியூஎல் லாகைத் திறந்து இதை நீங்களே பாருங்கள். மேலும், பாதி சரக்கு போவதையும் திரும்பி வருவதையும் குறிப்பிட்ட உருப்படியோடு சேர்த்துப் பதிய வேண்டியிருப்பதால், அதற்கு நிலையான ஐடி தேவை. ஆகவே உருப்படி என்டிட்டியாகவே இருக்கட்டும். ஆனால் கேஸ்கேடும் (ஆர்டரைச் சேமித்தால், அழித்தால் உருப்படிக்கும் அதுவே நடப்பது) ஆர்ஃபன் ரிமூவலும் (ஆர்டரிலிருந்து நீக்கிய உருப்படி டேட்டாபேஸிலும் அழிவது) போட்டு, தனி ரெப்போசிட்டரி (தரவைத் தேடவும் சேமிக்கவும் உள்ள கிளாஸ்) கொடுக்காமல், ஆர்டர் வழியாக மட்டுமே அதைத் தொட விடுங்கள். பழைய இஜேபி (என்டர்பிரைஸ் ஜாவாபீன்ஸ்) காலத்தில் ஒவ்வொரு உருப்படியும் நெட்வொர்க் வழியான தொலைவழைப்புக்குரிய பீனாக (ஜாவா கூறாக) இருந்து பட்ட பாடு காரணமாகவே, 2001இல் வந்த இஜேபி 2.0, ஒரே சர்வருக்குள் நேரடியாக அழைக்க உதவும் லோக்கல் இன்டர்ஃபேஸ்களைக் கொண்டுவந்தது. இன்று அந்தச் சுமை இல்லை.

இன்னொன்றை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மேப்டு-பை உறவில் (இணைப்பை உருப்படியின் பக்கமே வைத்திருக்கும் உறவில்), உருப்படியின் அளவை மட்டும் மாற்றினால், ஒரே நேர மாற்றங்களைக் கண்டுபிடிக்க உதவும் ஆர்டரின் வெர்ஷன் எண் தானாக ஏறாது. இரண்டு ஊழியர்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு உருப்படிகளின் அளவைக் கூட்டினால், தனித்தனியே வாடிக்கையாளரின் கடன் வரம்புக்குள் அடங்கும் இரண்டு மாற்றங்களும் சேர்ந்து வரம்பைத் தாண்டிவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. உருப்படியை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஆர்டரை, அதன் வெர்ஷன் எண்ணைக் கட்டாயமாக ஏற்றும் ஆப்டிமிஸ்டிக் ஃபோர்ஸ் இன்க்ரிமென்ட் பூட்டோடு எடுங்கள்; இரண்டாவதாகச் சேமிப்பவரின் மாற்றம் மறுக்கப்பட்டு, அவர் புதிய மொத்தத்தைப் பார்த்த பிறகே தொடர முடியும்.