ஒரே விரல், காலையில் 91, அப்புறம் 97!

கேள்வி: ஆஸ்துமா உள்ள அம்மாவுக்காக (வயது 67) இணையக் கடையில் 600 ரூபாய்க்குப் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் (விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கும் கருவி) வாங்கினேன். காலையில் 91 காட்டுகிறது, அரை மணி நேரத்தில் 97. அம்மா நன்றாகத்தான் இருக்கிறார். திருப்பி அனுப்பிவிட்டு விலை கூடியதாக வாங்கட்டுமா?
- வாசகர், திருச்சி

பதில்: கொஞ்சம் பொறுங்கள். முதலில் அம்மாவின் விரலைப் பாருங்கள். மருதாணி, நகப்பூச்சு இருக்கிறதா? பாத்திரம் கழுவிய கையோடு மாட்டினாரா? இந்தக் கருவி சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்தி, ரத்தம் எதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்துக் கணக்குப் போடுகிறது. விரல் சில்லிட்டிருந்தாலோ, நகத்தில் சாயம் இருந்தாலோ கணக்கு தப்பும்.

ஐந்து நிமிடம் உட்காரவைத்து, கையைத் தேய்த்துச் சூடாக்கி, நடுவிரலில் மாட்டி, எண் ஆடாமல் நிற்கும்வரை காத்திருங்கள். கூடவே மணிக்கட்டில் ஒரு நிமிடம் நாடியை எண்ணுங்கள். நீங்கள் எண்ணியது 78, கருவி காட்டும் நாடித்துடிப்பு 110 என்றால் அதன் ஆக்ஸிஜன் எண்ணையும் நம்பாதீர்கள். அதைத் தாராளமாகத் திருப்பி அனுப்பலாம். பேனாவை மாட்டி, எண் காட்டினால் கருவி போலி என்று சொல்லும் 'சோதனை'யை மட்டும் நம்ப வேண்டாம். நல்ல கருவியும் சில சமயம் பேனாவுக்கு ஏதோ ஒரு எண் காட்டும்.

நல்ல கருவியிலேயே இரண்டு புள்ளி முன்பின் இருக்கும். அதனால் 95க்கும் 97க்கும் கவலை வேண்டாம். சரியாகப் பார்த்தும் 93க்கு மேல் ஏறாமலே நின்றால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். 90க்குக் கீழே போனால் உடனே மருத்துவமனைதான், 108ஐ அழையுங்கள். (சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு அளவு வேறு, மருத்துவர் சொல்வார்.) ஆக்ஸிஜன் குறைந்தால் ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கும், மூளைக்குப் போதாமல் குழப்பமும் மயக்கமும் வரும். மாதக்கணக்கில் குறைவாகவே இருந்தால் நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறி, இதயத்தின் வலப்பக்கம் பலவீனமாகி, கால் வீங்கும்.

ஆஸ்துமாவில் இன்னொரு சிக்கல்: மூச்சுக் குழாய் நன்றாக இறுகிய பிறகுதான் எண் இறங்கும். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பூத்திருக்கிறது என்றால், கருவி 98 காட்டினாலும் கிளம்பிவிடுங்கள்.

விலையைப் பொறுத்தவரை, 3,000 ரூபாய்க் கருவி என்பதாலேயே அது துல்லியமாக இருக்கும் என்றில்லை. பெட்டியில் தயாரிப்பு அல்லது இறக்குமதி உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். கடைக்காரர் திரும்ப எடுக்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.