வகுத்தால் விடை ஏன் பெரிதாகிறது?

கேள்வி: ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள், 'பின்னத்தை வகுக்கும்போது ஏன் தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும்? வகுத்தும் விடை பெரிதாக வருகிறதே!' என்கிறாள். எப்படி விளக்குவது?
– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: அருமையான கேள்வி. விதியைச் சற்று ஒதுக்கி வையுங்கள். ஏற்காடு காப்பித்தூள் 3 கிலோ இருக்கிறது. பொட்டலத்துக்கு ¾ கிலோ. எத்தனை பொட்டலம்? எல்லாவற்றையும் கால் கிலோவாக எண்ணச் சொல்லுங்கள். 3 கிலோவில் 12 கால். ஒரு பொட்டலத்துக்கு 3 கால். 12 ÷ 3 = 4. இங்கே 4-ஆல் பெருக்கி, 3-ஆல் வகுத்தோம். அதாவது 3 × 4/3. தலைகீழாக்குவது இவ்வளவுதான். அளக்கும் பொட்டலம் 1 கிலோவை விடச் சிறியது. அதனால் எண்ணிக்கை கூடுகிறது.

தூள் 2½ கிலோ என்றால்? கலப்பு பின்னத்தை முதலில் 5/2 ஆக்க வேண்டும். 5/2 × 4/3 = 10/3, அதாவது 3⅓. பலரும் சறுக்குவது இங்கேதான்: மீதி ⅓ கிலோ அல்ல, ⅓ பொட்டலம். எடையில் கால் கிலோ.

முதல் பின்னத்தைத் தலைகீழாக்கும் பிள்ளைகளும் உண்டு. விடையை வகுத்த பின்னத்தால் பெருக்கிப் பார்த்தால் தவறு தெரிந்துவிடும்: 10/3 × 3/4 = 2½.