மான் குறைந்தால் வேட்டையை மூடினால் போதுமா?

வாசகர் கேள்வி பதில்

கனடாவில் இருக்கும் உறவினர்களின் நவம்பர் வேட்டை பற்றியும், வன்னிக் காட்டில் மானும் மரையும் அருகி வருவது பற்றியும் வாசகர்கள் தொடர்ந்து எழுதுகிறார்கள். இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் அண்ணா ஒன்ராறியோவில் இருக்கிறார். நவம்பரில் நண்பர்களோடு மான் வேட்டைக்குப் போவார். அண்மைக் காலமாக மானைக் காண்பதே அரிது, இம்முறை பெண்மானைச் சுடுவதற்கான அனுமதிச் சீட்டும் கிடைக்கவில்லை என்கிறார். அவருடைய குழுவில் சிலர் ‘இரண்டு மூன்று வருடத்துக்கு வேட்டையை முழுதாக மூடுங்கள்’ என்று கேட்கிறார்களாம். மூடினால் மான் திரும்பி வருமா?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: மானைக் குறைத்தது துவக்குத்தான் என்றால் வரும். குளிரோ நோயோ குறைத்திருந்தால் மூடுவதால் பெரிய பலன் இருக்காது. எனவே முதலில் பார்க்க வேண்டியது எந்த மான், எந்த வயதில், எதனால் சாகிறது என்பதை.

மூடியதால் மீண்ட கதை உண்மையிலேயே இருக்கிறது. 1900 அளவில் அமெரிக்காவில் வெள்ளைவால் மான் சுமார் ஐந்து இலட்சமாகவோ அதற்கும் குறைவாகவோ சுருங்கியிருந்தது. இறைச்சிக்கும் தோலுக்குமாக, விற்பனைக்காக வருடம் முழுவதும் சுட்டதே முக்கிய காரணம். சட்டவிரோதமாகக் கொன்ற விலங்கை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோய் விற்பதை 1900இல் லேசி சட்டம் தடுத்தது. மாநிலங்கள் வேட்டையை மூடின, பெண்மானைச் சுட விடவில்லை, மான் எஞ்சியிருந்த இடங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போய் மற்றக் காடுகளில் விட்டன. இன்று அங்கே ஏறத்தாழ மூன்று கோடி மான்கள்.

மறுபக்கம் வயோமிங் மாநிலத்தின் மேற்குப் பகுதி. 2022–23 குளிர்காலத்தில் ஆழமான பனியால் மியூல் மான்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தன, அந்த வருடக் குட்டிகளில் மிகப் பெரும்பாலானவை தேறவில்லை. வேட்டைக்காரர்களே மூடச் சொல்லிக் கேட்டார்கள். அந்த மனது மதிக்கத்தக்கது. ஆனால் அங்கே சுடப்படுவது பெரும்பாலும் கொம்புள்ள ஆண்மான். ஓர் ஆண் பல பெண்களோடு சேரும். அதனால் ஆண்களில் ஒரு பங்கு குறைந்தாலும் அடுத்த கோடையில் பிறக்கும் குட்டிகளின் தொகை பெரிதாக மாறாது. ஆண்மான் வேட்டையை மூடினால் அடுத்த வருடம் கொம்புள்ள மான் கூடுதலாகக் கண்ணில் படும். கூட்டம் பெருகுவது பெண்மானின் கையில்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பகுதியில் 100 வளர்ந்த பெண்மான்கள் இருக்கின்றன, வருடத்தில் 15 இயற்கையாகச் சாகின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்தை நிரப்ப 15 பெண்குட்டிகள் தேற வேண்டும். குட்டிகளில் பாதி ஆண் என்பதால், குளிர்காலம் முடியும்போது 100 பெண்மானுக்கு 30 குட்டிகளாவது உயிரோடு நிற்க வேண்டும். வேட்டைக்காரர் இன்னும் 10 பெண்மானை எடுத்தால் தேவை 50 குட்டியாக ஏறிவிடும். பனி, ஓநாய், கயோட்டி, கரடி எல்லாம் சேர்ந்து 35 குட்டியைத்தான் விட்டுவைத்தன என்றால், பெண்மான் சீட்டைக் குறைக்காமல் வேறு வழியில்லை. அண்ணாவுக்குச் சீட்டு மறுக்கப்பட்டது பெரும்பாலும் இந்தக் கணக்கால்தான் இருக்கும். அது கூட்டத்தைக் காப்பாற்றும் முதல் கதவு. அதை மூடிப் பார்க்காமல் முழு வேட்டையையும் மூடச் சொல்வது அவசரம் என்பது எங்கள் கருத்து.

முழுதாக மூடுவதில் இன்னொரு இழப்பும் உண்டு. வேட்டைக்காரர் தரும் அறிக்கை, அவர்கள் கொண்டுவரும் தலையிலிருந்து எடுக்கும் நோய் மாதிரி, பல்லைப் பார்த்துக் கணிக்கும் வயது எல்லாம் நின்றுவிடும். பிறகு மான் கூடியதா குறைந்ததா என்று சொல்லவே ஆதாரம் இருக்காது. அண்ணா தன் வேட்டைப் பிரிவுக்குப் பொறுப்பான உயிரியலாளரிடம் கேட்க வேண்டியவை: குளிர்காலம் முடியும்போது 100 பெண்மானுக்கு எத்தனை குட்டி நின்றது, கடந்த குளிரில் 50 சென்ரிமீற்றருக்கு மேல் பனி எத்தனை வாரம் கிடந்தது (அதற்கு மேல் போனால் மானுக்கு நடக்கவே முடியாது, உடலில் சேர்த்த கொழுப்பு கரைந்துவிடும்), கோடை இறுதியில் நீர்நிலை ஓரங்களில் செத்த மான்கள் கண்டெடுக்கப்பட்டனவா. கடைசியாகச் சொன்னது கடிக்கும் குறுணிப் பூச்சிகள் பரப்பும் இரத்தக்கசிவு நோயின் அடையாளம். காய்ச்சல் கண்ட மான் தண்ணீரைத் தேடிப்போய் அங்கேயே விழும். முதல் உறைபனி விழுந்து பூச்சி செத்தால் நோயும் நிற்கும். அதற்கு வேட்டையை மூடுவது மருந்தல்ல.

கேள்வி: பெண்மான் சீட்டு வைத்திருப்பவர்களும் தவறுதலாக ஆண் குட்டியைச் சுட்டுவிடுகிறார்கள் என்று சொல்கிறார்களே, எப்படி?
— வாசகர், ரொறன்ரோ

பதில்: அந்தச் சீட்டு சட்டப்படி ‘கொம்பில்லாத மானுக்கு’ உரியது. அதில் அந்த வருடத்து ஆண் குட்டியும் அடங்கும். பெண்மானின் முகம் நீளம், உச்சந்தலை வட்டமாக இருக்கும். ஆண் குட்டியின் முகம் குட்டை, கொம்பு முளைக்கும் இரண்டு மொட்டுகளுக்கு இடையில் தலை தட்டையாகத் தெரியும். தனியாக வெளியே வரும் சிறிய மானைச் சுடாமல் இன்னொன்று பக்கத்தில் வந்து நிற்கும்வரை காத்திருங்கள். ஒப்பிட ஒன்று இல்லாமல் அளவு பிடிபடாது. டிசெம்பர் கடைசிக்குப் பிறகும் வேட்டை திறந்திருக்கும் இடங்களில், கொம்பு உதிர்த்த பெரிய ஆணும் இதே சீட்டில் போய்விடும்.

கேள்வி: காட்டில் மானை எப்படி எண்ணுகிறார்கள்? அந்த எண்ணிக்கையை நம்பலாமா?
— உயர்தர மாணவி, பம்பலப்பிட்டி

பதில்: ஒவ்வொன்றாக எண்ணுவது அநேகமாக முடியாத காரியம். ஆகாயத்திலிருந்து பார்ப்பது, தானியங்கிக் கமரா, இரவில் ஒளி பாய்ச்சிக் கண் மின்னுவதை எண்ணுவது, புழுக்கைக் குவியலை எண்ணுவது என்று வழிகள் பல. கடைசி வழியை விளக்கினால் எங்கே பிழை புகுகிறது என்பது தெளிவாகப் புரியும்.

1.78 மீற்றர் கயிற்றை ஒரு முளையில் கட்டிச் சுற்றினால் 10 சதுர மீற்றர் வட்டம் கிடைக்கும். காட்டில் நேர்கோட்டில் நடந்து சம தூரத்தில் இப்படி 50 வட்டம் போடுங்கள். மொத்தம் 500 சதுர மீற்றர், அதாவது 0.05 ஹெக்டேயர். அதற்குள் 26 குவியல் கிடைத்தால் ஹெக்டேயருக்கு 520, சதுர கிலோமீற்றருக்கு 52,000. இலையுதிர்வு முடிந்து 200 நாளுக்குப் பிறகு எண்ணுகிறீர்கள் என்றால், உதிர்ந்த இலைக்கு மேலே கிடப்பவை மட்டும் கணக்கு. ஒரு மான் நாளைக்கு 13 தடவை புழுக்கை போடுகிறது என்று எடுத்தால், 52,000ஐ 2,600ஆல் (200 நாள் × 13) பிரிக்க வரும் விடை சதுர கிலோமீற்றருக்கு 20 மான்.

இந்த 13 என்ற எண் பழைய நூல்களில் வழக்கமாகக் கையாளப்பட்டது. பின்னாளில் அளந்தவர்கள் வெள்ளைவால் மானில் அது பல சமயம் 20ஐயும் தாண்டுகிறது என்று கண்டார்கள். 26 என்று வைத்தால் அதே காடு, அதே குவியல், விடை மட்டும் 10 மான். வேட்டைக்காரரும் அதிகாரிகளும் எண்ணிக்கை பற்றிச் சண்டை போடுவதில் பாதி இப்படிப்பட்ட ஓர் எண்ணால் வருவது. அதனால் தனி ஒரு வருடத்து எண்ணிக்கையை நம்பாதீர்கள். அதே இடத்தில், அதே மாதத்தில், அதே முறையில் வருடாவருடம் எடுத்த தொடரை நம்புங்கள். முறையில் பிழை இருந்தாலும் அது எல்லா வருடத்திலும் ஒரே பக்கம் சாயும், ஏற்ற இறக்கம் சரியாகவே தெரியும்.

நம் நாட்டில் இதை அப்படியே செய்தால் ஏமாறுவீர்கள். மழை, சாணவண்டு, கறையான் மூன்றும் புழுக்கையை விரைவில் அழித்துவிடும். வட்டத்தை முதலில் துப்புரவாக்கிவிட்டு, குறுகிய நாள்களுக்குள் திரும்பிவந்து புதியதை மட்டும் எண்ண வேண்டும். எண்ணுவதற்காக என்றாலும் சரணாலயத்துக்குள்ளோ தேசியப் பூங்காவுக்குள்ளோ வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியின்றி இறங்கக் கூடாது.

கேள்வி: அப்பப்பா காலத்தில் அனுமதிப்பத்திரம் எடுத்து மான் சுட்டதாகச் சொல்வார்கள். இப்போதும் எடுக்கலாமா? வேட்டை தடை என்றால் ஏன் வன்னியில் மானும் மரையும் குறைந்துகொண்டே போகின்றன?
— வாசகர், வவுனியா

பதில்: முன்பு அனுமதிப்பத்திரமும் மூடிய காலமும் இருந்தது உண்மை. 1894இல் இங்கே வேட்டை விலங்குகளைக் காக்கச் சங்கம் அமைத்தவர்களே வேட்டைக்காரர்கள். இன்றைய வனசீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதிலிருந்து வளர்ந்தது. பின்னர் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. 1938இல் யாலவும் வில்பத்துவும் தேசியப் பூங்காக்களாயின. சட்டம் படிப்படியாக இறுக்கப்பட்டு, இன்று புள்ளிமான், மரை எதற்கும் வேட்டை அனுமதி கிடையாது. பயிர்ப் பாதுகாப்புக்கெனத் தரப்படும் துவக்கு அனுமதி மானைச் சுடும் உரிமையைத் தராது.

நம் நாட்டில் வேட்டை வருடம் முழுவதும் மூடியே இருக்கிறது, கடதாசியில். காட்டில் கம்பிச் சுருக்கு, கட்டுத்துவக்கு (கம்பியில் தடக்கினால் தானே வெடிக்கும் துவக்கு), இரவில் டோர்ச் அடித்துச் சுடுவது எல்லாம் திறந்தே கிடக்கின்றன. இவற்றில் சுருக்குத்தான் மிகக் கொடியது. ஆண், பெண், சினை, குட்டி என்று அது பார்ப்பதில்லை. வைத்தவன் வராவிட்டாலும் கொன்றுகொண்டே இருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வெள்ளைவால் மான் ஏறத்தாழ 200 நாள் சினை சுமந்து, நல்ல தீனி இருந்தால் பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். நமது புள்ளிமான் ஏழரை மாதத்துக்கு மேல், மரை எட்டு மாதமளவில் சுமந்து வழக்கமாக ஒரே குட்டி. கனடாக் கூட்டம் தாங்கும் இழப்பை வன்னிக் கூட்டம் தாங்காது. புள்ளிமான் வருடத்தில் எந்த மாதமும் குட்டி போடும் என்பதால், ‘இந்த மூன்று மாதம் மட்டும் விட்டுவைப்போம்’ என்ற ஊர் நியாயத்துக்கும் இடமில்லை. எந்த மாதம் சுட்டாலும் ஏதோ ஒரு சினைமான் விழும். மரையை உலக அளவிலேயே அழிவுக்கு உள்ளாகக்கூடிய இனமாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள்.

கேள்வி: மரக்கறித் தோட்டத்தில் காட்டுப்பன்றிக்கு வைக்கும் கம்பியில் மரையும் மாட்டுகிறது. என்ன செய்யலாம்?
— ஆசிரியை, ஹட்டன்

பதில்: மரை மட்டுமல்ல. 2020 மே மாதம் நல்லதண்ணியில் ஒரு தோட்டத்தில் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தை, உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை அளித்தும் இறந்தது. இடுப்பில் இறுகிய கம்பி உள்ளுறுப்பைக் கெடுத்துவிட்டால், வெளியே காயம் சிறிதாகத் தெரிந்தாலும் விலங்கு பிழைப்பது அரிது.

வெறுங்கம்பியைக் கண்டால் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, 1992 என்ற திணைக்கள இலக்கத்துக்கு அறிவியுங்கள். தேடும்போது வேலியில் உள்ள இடைவெளி, பற்றைக்குள் போகும் ஒற்றையடித் தடம், நீரோடைக்கு இறங்கும் இடம் ஆகியவற்றை முதலில் பாருங்கள். காலைச் சாய்வெயிலில் கம்பி மினுங்கும். கையை விடாமல் நீண்ட தடியால் முன்னே துழாவிக்கொண்டு நடக்க வேண்டும், பக்கத்தில் கட்டுத்துவக்கும் இருக்கலாம். விலங்கு மாட்டியிருந்தால் கிட்டப் போகாதீர்கள், ஆட்களைக் கூட்டாதீர்கள். மிரண்டு இழுக்க இழுக்கக் கம்பி இறுகும்.

பன்றி வேலியின் அடியைக் கிளப்பித்தான் நுழையும். வலையை ஓர் அடி மண்ணுக்குள் புதைத்தால் பெரும்பாலும் நிற்கும். மரைக்கு உயரம் முக்கியம், எட்டு அடிக்குக் குறைந்தால் தாண்டிவிடும். தனித்தனிப் பாத்திக்கு வேலி போடுவது கட்டுப்படியாகாது. பக்கத்துப் பாத்திக்காரர்கள் சேர்ந்து வெளிச்சுற்றுக்கு மட்டும் போட்டால் செலவு பல மடங்கு குறையும்.

கேள்வி: திருகோணமலைக் கோட்டை மான்களுக்குப் பழமும் பாணும் கொடுக்கலாமா?
— வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: வேண்டாம். மான் அசைபோடும் விலங்கு. பாண், சோறு போன்ற மாப்பொருள் முதல் இரைப்பையில் வேகமாகப் புளித்து அமிலத்தைக் கூட்டும், அதிகமானால் உயிருக்கே ஆபத்து. கையால் கொடுத்துப் பழக்கினால் பை தெரிந்த இடமெல்லாம் உணவு என்று நினைத்துப் பொலித்தீனையும் விழுங்கும். அது செரிக்காது, வெளியேறவும் வழியின்றி இரைப்பையில் பந்தாகத் திரளும். வயிறு நிறைந்தபடியே மான் பட்டினியால் சாகும். உங்கள் குப்பையை நீங்களே திரும்பக் கொண்டுபோங்கள்.

கேள்வி: தெரிந்தவர் ஒருவர் மரை வத்தல் கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார். கனடாவிலிருந்து அண்ணாவும் மான் இறைச்சி கொண்டுவரட்டுமா என்று கேட்கிறார்.
— வாசகர், தெஹிவளை

பதில்: இரண்டுக்கும் இல்லை என்று சொல்லுங்கள். உள்ளூர் வத்தலை வாங்குவதும் குற்றத்தில் பங்குதான், வாங்க ஆள் இருக்கும்வரை சுருக்கும் இருக்கும். வெளிநாட்டு இறைச்சியை முன் அனுமதியில்லாமல் விமான நிலையத்துக்குள் கொண்டுவர முடியாது. வட அமெரிக்காவில் பல பகுதிகளில் மானுக்கு வரும் நாட்பட்ட மெலிவு நோயின் கிருமி சமைத்தாலும் அழியாத புரதம். அந்தப் பகுதிகளில் அண்ணா வேட்டையாடினால் தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்து, முடிவு வரும்வரை அங்கேயும் இறைச்சியைச் சாப்பிடாமல் குளிரூட்டியில் தனியாக வைக்கட்டும். நோய் உறுதியானால் உண்ணவே கூடாது.