வளர்ப்பா, வம்சமா?

கேள்வி: என் மூத்த மகனுக்கு 24 வயது, மூன்று ஆண்டுகளாக மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறான். வளர்ப்பு சரியில்லை என்கிறார் மாமியார். அவர்கள் வம்சத்திலேயே உண்டு என்கிறார் என் அம்மா. இளையவனுக்கு 16 வயது. அவன் தனியாகச் சிரித்தாலே எனக்கு நெஞ்சு பதறுகிறது. இரவில் அவன் அறை வாசலில் நின்று கேட்கிறேன். அவனுக்கும் வருமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமியார் சொல்லும் பழியை ஒரு காலத்தில் மருத்துவர்களே தாய்மார்கள் மீது சுமத்தினார்கள். பிள்ளைக்கு இந்நோயை உண்டாக்குபவள் தாய் என்று பொருள்படும் சொல்லை 1948இல் பிரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவர் எழுதிவைத்தார். எத்தனையோ தாய்மார்களை அழவைத்த பிறகு, ஆதாரமில்லை என்று அக்கருத்து கைவிடப்பட்டது. அதை நீங்கள் இனியும் சுமக்க வேண்டாம்.

வம்சம் என்ற பேச்சில் உண்மை உண்டு, ஆனால் அது முழு உண்மை அல்ல. இந்நோய்க்கென்று தனியாக ஒரு மரபணு கிடையாது. சிறிது சிறிதாகப் பங்களிக்கும் பல மரபணுக்கள் இரு குடும்பங்களின் வழியாகவும் வரலாம். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தாலும், ஏறத்தாழ பாதிப் பேரில் மற்றவருக்கு வருவதில்லை. பொதுவாக நூற்றில் ஒருவருக்கு வரும் நோய், நோயாளியின் உடன்பிறந்தவர்களில் நூற்றில் சுமார் ஒன்பது பேருக்கு வருகிறது. மீதித் தொண்ணூற்றொரு பேருக்கு வருவதில்லை.

அப்படியானால் சூழலுக்குப் பங்கே இல்லையா? பின்லாந்தில், இந்நோயுள்ள தாய்மார்களுக்குப் பிறந்து வேறு வீடுகளுக்குத் தத்துப் போன பிள்ளைகளைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். ஓயாத பூசல் நிறைந்த வீடுகளில் வளர்ந்தவர்களிடம் நோய் கூடுதலாகவும், அமைதியான வீடுகளில் வளர்ந்தவர்களிடம் குறைவாகவும் இருந்தது. ஆனால் பரம்பரைச் சாய்வு இல்லாத பிள்ளைகளிடம் வீட்டுச் சூழல் அந்த அளவு வேறுபாட்டைக் காட்டவில்லை. ஆகவே யார் வம்சம் என்று இரு வீட்டாரும் இளையவன் காதுபட வாதிடுவதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

அவனிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இந்த வயதில் கஞ்சா பழகுவது எல்லோருக்குமே கெடுதல். அண்ணனுக்கு இந்நோய் இருக்கும்போது அவனுக்கு அது மேலும் ஆபத்து. வாரக்கணக்கில் தூக்கம் கெடுவது, நண்பர்களை விட்டு ஒதுங்குவது, காரணமில்லாத சந்தேகம், படிப்பில் திடீர்ச் சரிவு ஆகியவை சேர்ந்து தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கைப்பேசியைப் பார்த்து அவன் தனியே சிரிப்பது அந்தப் பட்டியலில் இல்லை, அம்மா.

வாசலில் நிற்பதை விட்டுவிடுங்கள். உங்கள் பயம் அவனுக்கும் இருக்கக்கூடும், கேட்கத்தான் ஆளில்லை. அடுத்த முறை அண்ணனின் மருத்துவரிடம் போகும்போது அவனையும் கூட்டிச் சென்று, பத்து நிமிடம் அவரிடம் தனியாகப் பேச விட்டுவிட்டு நீங்கள் வெளியே காத்திருங்கள்.