பருவுக்கு ஆன்டிபயாடிக் ஜெல் மட்டும் போதுமா?

கேள்வி: எனக்கு 23 வயது. குடியாத்தத்திலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். இரு கன்னங்களிலும் சிவந்த பருக்கள், இடையிடையே சீழ்ப்பருக்கள். மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த கிளிண்டாமைசின் ஜெல்லை நான்கு மாதமாகத் தடவுகிறேன். முதலில் அடங்கிய பரு இப்போது பழையபடி வருகிறது. தையில் திருமணம். அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு, இரண்டில் எது நல்லது?

பதில்: அந்த ஜெல்லைத் தனியாகத் தடவுவதை இன்றே நிறுத்துங்கள். அது ஆன்டிபயாடிக். அதை மட்டும் மாதக்கணக்கில் பூசினால் பருக்கிருமி மருந்துக்குப் பழகிவிடும். உங்களுக்கும் அதுவே நடந்திருக்கலாம். இதைச் சொல்லாமலே டியூப் டியூப்பாக விற்கிறார்களே என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

நீங்கள் கேட்ட இரண்டும் வெவ்வேறு வேலை செய்பவை. அடாபலீன் மயிர்த்துளை அடைபடாமல் காத்து, புதுப் பரு முளைப்பதைத் தடுக்கிறது. பென்சாயில் பெராக்சைடு கிருமியைக் கொல்கிறது. அதற்குக் கிருமி பழகுவதில்லை. உங்கள் அளவுக்குப் பரு இருந்தால் இரண்டும் சேர்ந்தே வேண்டும். 0.1% அடாபலீனும் 2.5% பென்சாயில் பெராக்சைடும் கலந்த ஜெல்லே கிடைக்கிறது. ட்ரெட்டினாயின் என்ற பரு மருந்தும் அடாபலீனின் உறவுதான், ஆனால் எரிச்சல் கூடுதல்.

பலரும் தோற்பது தடவும் முறையில்தான். இரவில் முகம் கழுவி, ஈரம் நன்றாகக் காய்ந்தபின், முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு போதும். பருவின் மேல் மட்டும் புள்ளி வைக்காதீர்கள். முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். தோல் உரியும், எரியும், பரு கூடியதுபோலவும் தோன்றும். மாய்ஸ்சரைசர் தடவிப் பொறுத்துக்கொள்ளுங்கள். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். இப்போது ஆடிதான், தைக்குள் நேரம் இருக்கிறது. பகலில் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன் இல்லாமல் நம் ஊர் வெயிலில் இறங்க வேண்டாம். இந்த ஜெல் துணியை வெளுக்கும். ஆரணிப் பட்டில் பட்டால் சாயம் போய்விடும்.

கல்யாணம் நெருங்கும்போது ‘ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகும்’ என்று யாராவது ஒரு க்ரீமை நீட்டுவார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். அவற்றில் பல ஸ்டீராய்டு கலந்தவை. சில நாள் மினுக்கிவிட்டு, தோல் மெலிந்து, முன்னைவிட மோசமாகப் பரு கிளம்பும்.

வலிக்கும் கட்டிகளோ குழித்தழும்புகளோ வந்தால் ஜெல்லை நம்பிக் காத்திருக்காமல் தோல் மருத்துவரிடம் போங்கள், மாத்திரை தேவைப்படும். திருமணத்துக்குப் பின் குழந்தைக்குத் திட்டமிடும்போது அடாபலீனை நிறுத்திவிட வேண்டும். அப்போது அசலாயிக் அமிலம் தடவலாம்.